மீன் குஞ்சுப் பண்ணையில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் மீன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. என் மாமனார் தொடங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் இங்கேதான். குஞ்சு வாங்க வருகிறவர்கள், பண்ணை போட நினைக்கிறவர்கள், வெறுமனே பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நீங்கள் மீன் வளர்த்து விற்கிறீர்களா?

இல்லை. சாப்பிடும் மீன் எங்களிடம் கிடைக்காது. நாங்கள் மீனுக்கு விதை கொடுப்பவர்கள். கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றின் தாய்மீன்களை வைத்திருக்கிறோம். குஞ்சு எடுப்பதற்காக வளர்க்கும் ஆண், பெண் இரண்டையுமே தாய்மீன் என்றுதான் சொல்வோம். அவற்றை முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, விரல் நீளம் வளர்த்துக் கொடுப்போம். ஏரி, குளம், பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொண்டு போய் வளர்ப்பார்கள்.

நெல்லுக்கு நாற்றங்கால் போலத்தான் இதுவும். குஞ்சு விடும் சின்னக் குளத்துக்கு நாங்கள் சொல்லும் பெயரே நாற்றங்கால் குளம்தான்.

குளத்தில் விட்டால் மீன் தானாக முட்டை போடாதா? எதற்கு ஊசி?

சாதாக் கெண்டை போடும். கொஞ்சம் வேலம்பாசியைக் குளத்தில் மிதக்கவிட்டால், அதில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் அப்படியில்லை. அவை ஆற்று மீன்கள். மழை பெய்து, புதுவெள்ளம் வந்து, ஓடும் தண்ணீர் உடம்பில் பட்டால்தான் அவற்றுக்கு முட்டையிடும் எண்ணம் வரும். தேங்கிய குளத்தில் வயிறு நிறையச் சினை இருக்கும், ஆனால் வெளியே வராது.

ஒரு காலத்தில் ஆற்றில் வலை கட்டித்தான் குஞ்சு பிடித்தார்கள். அதில் நல்ல மீன் எது, வேண்டாத மீன் எது என்று பிரிக்கவே முடியாது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை மீன்களுக்கு மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த ஜூலை 10தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் உண்டு. எங்கள் சோறு அந்த ஊசியிலிருந்து வந்தது.

மாமா தொழில் தொடங்கிய காலத்தில் மீன் கடைகளில் வெட்டிப்போட்ட தலைகளை வாங்கி வந்து, மண்டையைத் திறந்து, கடுகளவு சுரப்பியை எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைப்பாராம். இப்போது ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் பாட்டிலில் கிடைக்கின்றன.

ஊசி போடும் நாள் எப்படி இருக்கும்?

எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் கல்லணைக்கு வந்ததா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும். அதே நாட்களில்தான் எங்களுக்கும் வேலை சூடு பிடிக்கும்.

காலையில் இழுவலை போட்டுத் தாய்மீன்களை எடுப்போம். ஆணா பெண்ணா என்பது கையிலேயே தெரிந்துவிடும். சீசனில் ஆண் மீனின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போல விந்து கசியும். பெண்ணுக்குத் துடுப்பு வழவழப்பு, வயிறு பஞ்சு மாதிரி. இரண்டையும் ஏறக்குறைய சம எடைக்கு எடுத்து வட்டத் தொட்டியில் விடுவோம்.

வெயில் தாழ்ந்து ஆறு மணி வாக்கில் ஊசி. பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லி, ஆணுக்கு அதில் பாதிக்கும் குறைவு. மீனை ஈரத்துணியில் பிடித்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே சதையில், செதிலுக்கு அடியில் ஊசியை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து வெளியே வந்துவிடும். கட்லாவைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். என் கணவர் பிடிப்பார், நான்தான் ஊசி போடுவேன்.

அப்புறம் தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிட்டு, மேலிருந்து மழை மாதிரித் தூவவிடுவோம். ஆறு வந்துவிட்டதென்று மீன் நம்புவதற்காக. நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்குத் துரத்தல் ஆரம்பிக்கும். தண்ணீர் படார் படாரென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு மூச்சு சீராகும். சில நாள் சத்தமே வராது. மீன் பக்குவப்படவில்லை, அல்லது நாங்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

விடியும்போது தொட்டி முழுக்க முட்டை. தண்ணீரை உறிஞ்சி, ஊறிய ஜவ்வரிசி போலக் கண்ணாடியாக மின்னும். வெள்ளையாக இருந்தால் அது உயிரில்லாத முட்டை. நல்ல முட்டைகளைப் பொரிப்புத் தொட்டிக்கு மாற்றுவோம். பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். கண்ணும் வாலும் மட்டுமான ஒரு நூலிழை. வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருவை மூன்று நாள் தின்றுகொண்டு சுழலும். அந்த மூன்று நாளும் தண்ணீர் ஓட்டம் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. நின்றால் எல்லாம் அடியில் குவிந்து மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கரண்ட் போனால்?

மேல்நிலைத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். அது சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் உண்டு, அது மக்கர் பண்ணினால் டீசல் இன்ஜின் உண்டு. 2012இல் கிராமங்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததே, அந்த வருஷம் சம்பாதித்ததில் பெரும்பங்கு டீசலுக்கே போனது. பண்ணை போட நினைப்பவர்கள் தாய்மீன் வாங்குவதற்கு முன்னால் ஜெனரேட்டர் வாங்குங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவீர்களாமே?

ஆமாம், அந்த நேரம்தான் குளத்துக்கு ஆபத்தான நேரம். பகலில் தண்ணீரில் இருக்கும் பச்சைப் பாசி வெயிலை வைத்து ஆக்சிஜன் செய்யும். இருட்டிவிட்டால் பாசி, மீன், அடிச் சேறு எல்லாமே அதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். விடிவதற்குச் சற்று முன்னால் கையிருப்பு மிகவும் குறைந்திருக்கும். முந்தைய நாள் மேகமூட்டம் என்றால் இன்னும் மோசம். கல்யாணமாகி வந்த புதிதில் காவல்காரப் பெரியவர் கதவைத் தட்டி, "அம்மா, மீனெல்லாம் மேல வந்துருச்சு" என்று கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் குளம் முழுக்க வாய்கள். திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு. நாற்பது நிமிடம் தண்ணீரை இறைத்து இறைத்து அடித்த பிறகுதான் அடங்கின.

அதனால் நான்கு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று. பிறகு டீ. ஆறு மணிக்கு நாற்றங்கால் குளங்களில் தீவனம், கடலைப் புண்ணாக்கும் தவிடும் சமபங்கு, தூளாக. அதன்பின் கரை பார்ப்பது. நண்டு வளை, எலி வளை எங்கே இருக்கிறது, எங்கே கசிகிறது என்று காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு நண்டு வளையைக் கவனிக்காமல் விட்டு, ஒரே இரவில் அரைக் குளத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போயிருக்கிறது.

குஞ்சுகளை அதிகமாகத் தின்பது எது? கொக்கா, பாம்பா?

எல்லோரும் கொக்கைத்தான் கைகாட்டுவார்கள். கொக்கு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால். எங்கள் அனுபவத்தில் மிகப் பெரிய திருடன் சுண்டுவிரல் நகம்கூட இல்லாத பூச்சி.

மூன்று நாள் குஞ்சை நாற்றங்கால் குளத்தில் விடும்போது அது அரைச் செண்டிமீட்டர்தான் இருக்கும். அந்தக் குளத்தில் மல்லாந்து நீந்தும் பூச்சி இருந்தால், அது குஞ்சைக் கட்டிப்பிடித்து உறிஞ்சிவிடும். நீர்த்தேள், நீர் வண்டு, தும்பியின் புழு எல்லாம் அதே வேலையைச் செய்யும். தும்பி தண்ணீருக்கு மேலே பறக்கும்போது பார்க்க எவ்வளவு அழகு. அதன் புழு சேற்றில் இருந்துகொண்டு தாடையை நீட்டிக் குஞ்சைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துவிடும்.

இதற்குப் பழைய முறையைத்தான் இன்னும் செய்கிறோம். ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்ற கணக்கில் கலக்கி, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் தண்ணீர் மேல் தெளிப்போம். இந்தப் பூச்சிகளில் பல மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். எண்ணெய்ப் படலம் அதைத் தடுத்துவிடும். காற்று அடிக்கும் நாளில் செய்தால் படலம் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும், காசு வீண். விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்கள் குளத்தில் இருந்தால் மூன்று வாரம் முன்பே இலுப்பைப் புண்ணாக்கு போடுவோம். அதன் நஞ்சு அடங்கிய பிறகு அதுவே உரமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நூறு குஞ்சு விட்டால் முப்பது நாற்பது தேறுவதே வழக்கம். பண்ணை ஆரம்பிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

தவளை?

முதல் மழைக்கு மறுநாள் காலை குளத்தின் மேல் தவளை முட்டை ஆடை போலப் படர்ந்திருக்கும். கைவலையால் அள்ளிப் பக்கத்து வாய்க்காலில் விட்டுவிடுவோம். அள்ளாமல் விட்டால் தலைப்பிரட்டைகள் குஞ்சின் தீவனத்தைத் தின்றுவிடும், பிறகு வலையில் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் பிரிக்க நாள் முழுக்க உட்கார வேண்டும்.

மழை நாளில் கரைமேல் மீன் நடந்து போவதாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். பனையேறிக் கெண்டை. மழை பெய்து தரை நனைந்ததும் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வெளிக்காற்றை மூச்சாக எடுக்க அதற்கு உறுப்பு இருக்கிறது. என் மகள் சின்னவளாக இருந்தபோது வாசல்படியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, மீன் வீட்டுக்கு வருது" என்று ஓடி வந்தாள். பார்க்க அதிசயம்தான். ஆனால் நாற்றங்கால் குளத்துக்குள் பத்து பனையேறி நுழைந்தால் குஞ்சு மிஞ்சாது. அதனால் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டியிருக்கிறோம்.

பறவைகளை எப்படித் தடுக்கிறீர்கள்? பட்டாசு வெடிப்பீர்களா?

வெடித்தோம். நான்கு நாளில் பழகிவிட்டன. வெடித்ததும் எழுந்து, ஒரு வட்டம் அடித்து, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

கொக்கும் மடையானும் ஓரத்தில் நின்று பிடிப்பவை. கரையைச் செங்குத்தாக வெட்டி ஓரத்தை ஆழமாக்கினால் நிற்க இடமில்லாமல் போய்விடும். சேதம் அதிகம் செய்வது நீர்க்காகம். அது முங்கி மூழ்கித் துரத்தும், கூட்டமாக வந்தால் விரல் நீளக் குஞ்சுகளைச் சுற்றி வளைத்துவிடும். பாம்புத்தாராவும் முங்கும், ஆனால் ஒன்றிரண்டுதான் வரும். இரவில் வக்கா வரும், குரல் கேட்டால் மட்டும் தெரியும்.

ஒரு வருஷம் மெல்லிய நைலான் வலையைக் குளத்தின் மேல் விரித்தோம். கண்ணுக்கே தெரியாத நரம்பு வலை. மலிவாகக் கிடைத்தது. ஒரு காலையில் அதில் ஒரு பூமன் ஆந்தை தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்க இறங்கியிருக்கிறது. இரவெல்லாம் போராடி இறக்கை முறிந்து, நாங்கள் அறுத்து எடுக்கும்போது உயிர் இல்லை. அவ்வளவு பெரிய மஞ்சள் கண்களை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே எல்லா வலையையும் கழற்றி எரித்துவிட்டோம்.

இப்போது கனமான, நிறம் தெரியும் கயிற்று வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுகிறோம், அதுவும் நாற்றங்கால் குளங்களுக்கு மட்டும். பெரிய குளங்களுக்கு மேல் கயிறு கட்டி, பழைய கேசட் டேப்பைத் தொங்கவிடுகிறோம். காற்றில் அது ஒரு மாதிரி முணுமுணுக்கும், வெயிலில் மின்னும். கொஞ்சம் நஷ்டம் வரத்தான் செய்கிறது. மீன்கொத்திக்கு நான் எதுவும் செய்வதில்லை. கரும்புள்ளி மீன்கொத்தி குளத்துக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுவதுபோல விழுவதைப் பார்ப்பதற்கு ஒரு நாளைக்கு நாலு குஞ்சு கொடுக்கலாம்.

நீர்நாய் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது நினைவிருக்கும். ஆற்றில் தங்க இடமில்லாமல் ஒரு குடும்பம் வாய்க்கால் வழியாக எங்கள் பக்கம் வந்துவிட்டது. முதலில் எங்களுக்குத் தெரிந்தது கரைமேல் கிடந்த எச்சம். செதிலும் முள்ளுமாக, கடும் மீன் வாடையோடு. பிறகு ஒரு காலை, பாதி தின்ற நான்கு கிலோ கட்லா. ஐந்து வருஷம் வளர்த்த தாய்மீன். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை.

அடுத்த இரவு நாங்கள் காத்திருந்தோம். விசில் மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்தால் ஐந்து ஜோடிக் கண்கள். இரண்டு பெரியவை, மூன்று குட்டிகள். குட்டிகளில் ஒன்றுக்குச் சரியாக நீந்த வரவில்லை. பெரியது அதன் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. பக்கத்துப் பண்ணையில் சிலர் மின்கம்பி போடச் சொன்னார்கள். கரையில் காவல்காரரும் நடக்கிறார், என் பிள்ளைகளும் நடக்கிறார்கள். நீர்நாயைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குட்டியைப் பார்த்த பிறகு என்னால் சம்மதித்திருக்க முடியாது.

வனத்துறைக்குச் சொன்னோம். தாய்மீன் குளத்தைச் சுற்றி மட்டும் கம்பி வலை அடித்தோம், அடிப்பகுதியை ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைத்து, ஏனென்றால் அது தோண்டும். இரண்டு நாய்களைக் கட்டினோம், விளக்கு போட்டோம். வெள்ளம் வடிந்ததும் அவை ஆற்றுக்கே போய்விட்டன. வேலிக்கு ஆன செலவு இரண்டு தாய்மீன் விலையைவிட அதிகம்தான். ஆனால் அதே வேலி இன்று வரை நிற்கிறது, அதன்பிறகு ஒரு தாய்மீனும் போகவில்லை.

முதலை?

எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. கொள்ளிடத்தில் கீழே, அணைக்கரைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே குளிக்க இறங்குபவர்கள் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பாம்புகளோடு எப்படி இருக்கிறீர்கள்?

குளத்தில் தலை நீட்டிப் போவது பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, நீர்க்கோலி என்பார்களே அதுதான். விஷமில்லை. ஆனால் பிடித்தால் கடிக்கும், ரத்தம் வரும். வலையில் சிக்கினால் கத்தரித்து விட்டுவிடுவோம். சாரைப் பாம்பு எங்களுக்கு வேலைக்காரன் மாதிரி. அது இருக்கும் கரையில் எலி வளை குறைவு.

பயப்பட வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். தவிட்டு மூட்டை அடுக்கிய கொட்டகையில் எலி வரும், எலிக்காகப் பாம்பு வரும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கிறோம், கையை விடுவதற்கு முன் கோலால் தட்டுகிறோம். இரவில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரும் கரையில் ஏறக்கூடாது. தரையில் படுப்பதும் கூடாது, கட்டு விரியன் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கிறது. வலியே தெரியாமல் கடிக்கும்.

எங்கள் வேலையாள் ஒருவரை விரியன் கடித்தது. அவர் ஊரில் சிலர் கயிறு கட்டி, மந்திரிக்கக் கூட்டிப் போகப் பார்த்தார்கள். என் கணவர் விடவில்லை. காலை அசைக்காமல் வைத்து, 108க்குப் போன் செய்து, நேராக தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி குஞ்சு கிடைக்குமா?

கிடைக்காது. 2000இலிருந்தே நாட்டில் அதை வளர்க்கத் தடை. வெள்ளத்தில் ஆற்றுக்குள் தப்பினால் நம் ஊர் மீன்களைத் தின்று தீர்த்துவிடும். இரண்டு மடங்கு விலை தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

குஞ்சு வாங்க எப்போது வரலாம்? எப்படிக் கொண்டு போவது?

ஜூலை கடைசியிலிருந்து வாருங்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். குஞ்சைப் பிடித்து, துணி வலையில் இரவெல்லாம் தீனி இல்லாமல் வைத்தால்தான் வயிறு காலியாகி, பையில் தண்ணீரைக் கெடுக்காமல் இருக்கும். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். விடிகாலையில் கிளம்புங்கள். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் செத்த குஞ்சோடு போன் செய்திருக்கிறார்கள்.

உங்கள் குளத்துக்குப் போனதும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறும்படி பையைச் சாயுங்கள். கொட்டாதீர்கள்.

கோடையில் என்ன செய்வீர்கள்?

குளங்களை ஒவ்வொன்றாக வடித்துக் காயவிடுவோம். சேறு பாளம் பாளமாக வெடிக்கும்வரை வெயில் பட வேண்டும், அப்போதுதான் அடியில் இருக்கும் நோயும் பூச்சியும் சாகும். பிறகு சுண்ணாம்பு, சாணம்.

வடிக்கும் அந்த வாரத்தில் நத்தைகுத்தி நாரைகள் வந்துவிடும். யார் சொல்கிறார்களோ தெரியாது, முதல் குளத்தின் மதகைத் திறந்த இரண்டாம் நாள் இருபது முப்பது நாரைகள் சேற்றில் நிற்கும். அலகின் நடுவில் இடைவெளி விட்டிருக்கும், ஓட்டுக்குள்ளிருந்து நத்தையை உருவி எடுக்க அது உதவுகிறது. மீனுக்கு வரும் சில புழுக்கள் நத்தையில் வளர்ந்துவிட்டுத்தான் வருகின்றன, அதனால் நாரை தின்ற ஒவ்வொரு நத்தையும் எங்களுக்கு லாபம். அவை முழுக்கத் தின்று முடிக்கும்வரை சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்க மாட்டோம். சில வருஷம் நான்கு நாள், சில வருஷம் ஒரு வாரம். அதுவரை நானும் மாமாவும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்போம். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "எத்தனை வந்திருக்கும்மா?" என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன்.